துண்டின் பின்பக்கம்

நாளைக்கு கிளினிக்.
போன மாதச் சம்பளத் துண்டைத் திருப்பிப் போட்டு
மகளின் பென்சிலால் எழுதுகிறேன்.
முன்பக்கம் முழுக்கக் கழிவுகள்:
சந்தா, மா, கோயில், திருவிழா முற்பணம்.
பின்பக்கம் வெள்ளை.
என் உடம்புக்கு அது போதும்.

போன முறை எழுதாமல்தான் போனேன்.
மூன்றரைக்கு எழும்பி, முதல் பஸ் பிடித்து,
டிக்கோயா ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து
(அறுபத்திரண்டு)
பதினொரு மணிவரை வாங்கில் இருந்து
எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.
டொக்டர் நிமிர்ந்து
"மொக்கத்த அமாருவ?" என்றார்.
அடுக்கினதெல்லாம் சரிந்தது.
கைவலி என்றேன்.
பெனடோல் பன்னிரண்டு.
கதவுப் பிடியை விட்ட பிறகுதான்
சொல்ல வந்தது தொண்டைக்கு ஏறியது.
அதற்குள் அறுபத்துமூன்று உள்ளே.

வலது கை. பெருவிரலும் அடுத்த இரண்டும்.
எப்போதிருந்து என்று கேட்பார்கள், அம்மா,
திகதி போடுங்க என்கிறாள் மகள்.
எனக்குத் திகதி தெரியாது.
ஐந்தாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டிய கிழமை,
சிவமணியின் மூத்தவள் சடங்கில்
பலகாரத் தட்டு கையிலிருந்து நழுவியதே,
அன்றைக்கு முதல்.
கலண்டரைப் புரட்டி
மார்ச் பதினாறு என்று எழுதினாள்.

பத்துக்கு எத்தனை வலி என்றும் கேட்பார்களாம்.
பத்தில் எனக்குக் கணக்கு வராது.
கிலோவில் சொல்கிறேன்:
எட்டு வரைக்கும் ஒன்றுமில்லை.
பன்னிரண்டில் எறும்பு ஊரும்.
பதினாறில் விரல் யாருடையதோ;
கொழுந்தைக் கிள்ளினேனா முற்றலைக் கிள்ளினேனா
குனிந்து பார்த்தால்தான் தெரியும்.
சாமத்தில் கையை உதறிக்கொண்டு எழும்புகிறேன்,
பாம்பு சுற்றியதுபோல.

பக்கத்துக் காம்பரா அமிர்தவல்லியின்
பிரஷர் மாத்திரையை நாலு நாள் விழுங்கினேன்.
வெட்கம்தான். அதையும் எழுதி
வெறும் உறையைக் கொப்பிக்குள் செருகினேன்.

இன்னொன்று இருக்கிறது.
மகளைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினேன்.

மலையில் ஒதுங்க இடமில்லை.
ஏழரைக்கு ஏறினால்
பகல் கொழுந்து நிறுக்கும்வரை அடக்குவோம்.
தண்ணீரும் குடிப்பதில்லை,
குடித்தால் அதையும் அடக்க வேண்டுமே.
நாலு மாதமாக எரிகிறது.
டொக்டர் என் தம்பி வயசு. சிங்களப் பையன்.
அந்தச் சொல்லை எப்படி எடுத்து
அவன் மேசையில் வைப்பது?

சந்திக் கடை சுனேத்ராவிடம் போனேன்,
சவர்க்காரம் வாங்க வந்தவள்போல.
பாண் வாங்க நின்ற இருவரும் போகட்டும் என்று
தேவையில்லாமல் ஒரு தீப்பெட்டியும் வாங்கினேன்.
பிறகு காதோடு கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"முத்ரா" என்றாள்.
என்ன?
"முத்ரா. முத்ரா கரனகொட்ட தனவா."
அவளுக்கும் இருந்ததாம், போன வருஷம்.

மூத்திரம். முத்ரா.
ஒரே கானின் இந்தக் கரையும் அந்தக் கரையும்.
இத்தனை கிட்டக் கிடந்த சொல்லையா
நாலு மாதம் சுமந்து திரிந்தேன்?

அழித்து எழுதினேன்.
கடைசியில் இருந்தது முதலாவது.
கை இரண்டாவது.
கீழே, கேட்க வேண்டியது:
எத்தனை நாள் மலைக்குப் போகக்கூடாது?
போகக்கூடாது என்றால்
துரைக்குக் காட்ட ஒரு கடிதம் தருவீர்களா?

நாளைக்குச் செக்ரோலில் எனக்குப் பேர் விழாது.
ஆஸ்பத்திரியிலும் நம்பரைத்தான் கூப்பிடுவார்கள்.
இருந்தாலும் துண்டின் தலையில் எழுதினேன்:
வேலு செவ்வந்திமலர், வயது நாற்பத்தாறு.

குடையைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று.
போத்தலில் தண்ணீர் நிரப்பியாயிற்று, பெரிய போத்தல்.
சோதிக்கக் கேட்பார்கள், நிறையக் குடித்துவிட்டுப் போ
என்று சுனேத்ரா சொன்னாள்.
பஸ்ஸில் பாதி, வாங்கில் பாதி.
அங்கே கதவுள்ள கக்கூஸ் இரண்டு இருக்கிறது.